நீ கோடு போட்ட வீடுகள்

நான்கு நாட்களுக்கு முன் சேலத்துக்கு மாற்றலாகி வந்து சேர்ந்தேன். இரண்டு அறையும் ஒரு சமையல் கட்டும் உள்ள ஓட்டு வீடு கிடைத்திருக்கிறது. எனக்காக வெள்ளையடித்திருந்தார்கள். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. வீடு முழுக்கச் சுண்ணாம்பு வாடை. வண்டிக்காரர் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். "இதை எங்கீங்க போடறது?" என்று கேட்டார்.

முப்பது வருஷமாகச் சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன் நான். எந்தக் காட்டுக்கு எந்தக் கல் எல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு கட்டிலை எங்கே போடுவது என்று தெரியாமல் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாரம் தாங்காமல் அவராகவே சுவரோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நமக்குக் கலியாணமான இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வண்டி வாசலுக்கு வரும் முன்பே நீ உள்ளே போயிருப்பாய்.

அந்தச் சுண்ணாம்பு வாடை நான்கு நாளாக என்னை உட்காரவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் பெயரை நீ ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. உன் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.

சங்ககிரியில்தான் நம் முதல் குடித்தனம். கலியாணம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. முகாமுக்குப் போய்விட்டு வெயிலில் கறுத்துத் திரும்பிய நான், வழக்கம்போல் கதவருகே பெஞ்சில் சாயலாம் என்று கண்ணை மூடியபடி உட்கார்ந்தேன். பெஞ்சு இல்லை. தரையில் விழுந்தேன். அம்மா சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "பிசாசு பூந்து ஊட்டத் திருப்பிப் போட்டாப்பல பண்ணி வெச்சிருக்கறா உன்ர பொண்டாட்டி" என்றாள். நீ சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாய். பெஞ்சு ஜன்னலோரம் போயிருந்தது. அங்கே மேற்குக் காற்று வந்தது. அம்மா உரலை அடைய இதுவரை பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததும், இனி நேராகப் போகலாம் என்பதும் நீ சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் நான் மூன்று வருஷம் இருந்தவன்.

உனக்கு இந்தப் பித்து எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். சேந்தமங்கலத்தில் உன் பிறந்த வீட்டில் இரண்டே அறையில் பதினோரு பேர். சிறு வயதில் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது வந்து, எந்திரி, அக்கட்ட போ என்பார்களாம். நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்ததில் உனக்கு ஒன்று புரிந்ததாம். "ஆளுக அதிகமில்லீங்க. குதிரு தப்பான எடத்துல இருந்துச்சுங்க" என்றாய். தானியம் கொட்டிவைக்கும் அந்தக் குதிரு மூலைக்குப் போக வேண்டும் என்று உன் அப்பாவிடம் இரண்டு மாதம் நச்சரித்து, கடைசியில் தள்ளிய அன்று நான்கு பேர் காலை நீட்டிப் படுத்தார்களாம். அப்போது உனக்கு ஒன்பது வயது.

நான் கழித்துப் போட்ட வரைபடத் தாள்களின் பின்பக்கம் உனக்குப் போதுமாக இருந்தது. என் அளவுகோலை எடுத்துக்கொள்வாய். ஒரு அங்குலத்துக்கு இத்தனை அடி என்று நான் குறிப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாய். ஆனால் என் படத்துக்கும் உன் படத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. என் படத்தில் கோடு மட்டும்தான் இருக்கும். நீ உன் படத்தின் மேல் புளியங்கொட்டைகளை வைப்பாய். இது அத்தை, இது நீங்க, இது நானு என்பாய். ஒவ்வொரு கொட்டையையும் விரலால் நகர்த்தி, காலையில் எழுந்து முகம் கழுவி, தண்ணீர் எடுத்து, அடுப்புப் பற்றவைப்பது வரை நடத்திப் பார்ப்பாய். இரண்டு கொட்டை ஒரே இடத்தில் மோதினால் அழித்துவிட்டு மறுபடி கோடு போடுவாய். எதிரில் உட்கார்ந்து நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன். அதை ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்கு மாற்றல் வந்துகொண்டே இருந்தது. ஐந்து ஊர், ஏழு வாடகை வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அம்மாவுக்கும் உனக்கும் உப்புச் சாடியை எங்கே வைப்பது என்பதில் தொடங்கிச் சண்டை வரும். அம்மாவுக்கு வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். உனக்கோ மழைக்காலத்துக்கு ஒரு வீடு, வெயில் காலத்துக்கு ஒரு வீடு. அந்த வருஷங்களில்தான் நம் குழந்தைகள் இரண்டும் பிறந்த அன்றே போய்விட்டன. நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு தடவையும் உடம்பு தேறி எழுந்ததும் வீட்டு ஜாமான்கள் அத்தனையையும் இடம் மாற்றினாய். அந்த நாட்களில் மட்டும் அம்மா ஒன்றும் சொல்லாமல் உன்னோடு ஒரு கை பிடித்தாள்.

நாமக்கல்லுக்கு வந்த பிறகு அம்மாவின் கண் மங்கத் தொடங்கியது. சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷத்தில் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிந்தது. அப்போதும் உன் கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் காலையில் டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறாய். அம்மா அதில் தடுக்கி விழுந்து நெற்றி பிளந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டி வந்தோம். அம்மா உன்னைத் திட்டவில்லை. "எனக்குக் கண்ணிருந்தா விழுவனா" என்று மட்டும் சொன்னாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்று நீ சாப்பிடவில்லை. மறுநாள் காலை நான் பார்த்தபோது, பழைய துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாய். அடுப்பில் கை சுட்டுக்கொண்டாய். நிலைப்படியில் இடித்துக்கொண்டாய். மூன்று நாள் அப்படியே நடந்தாய். நான்காம் நாள் கண்கட்டை அவிழ்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தாய். கட்டிலில் இருந்து எழுந்தால் அம்மாவின் இடது கைக்குச் சுவர். சுவர் முடிகிற இடத்தில் காலுக்குக் கோணிச் சாக்கு தட்டும்; அதுதான் சமையல் கட்டு வாசல். அங்கிருந்து ஆறு தப்படியில் பனையோலைப் பாய். பாய் முடிந்தால் புழக்கடைக் கதவு. தண்ணீர்ப் பானையை அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி வைத்தாய். நடைபாதையில் ஒரு சொம்புகூட இல்லாமல் எல்லாம் சுவரோடு சுவராகப் போயிற்று.

பத்தாம் நாள் அம்மா யார் கையையும் பிடிக்காமல் புழக்கடைக்குப் போய்க் கால் கழுவிவிட்டு, வருகிற வழியில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுகொண்டு கட்டிலுக்குத் திரும்பினாள். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு உன்னைக் கூப்பிட்டாள்.

"அம்மிணி, இனி இதுல எதையும் நவுத்தாத சாமி."

"நவுத்த மாட்டேனுங்க அத்தை" என்றாய்.

ஆறு வருஷம். அந்த வீட்டில் ஒரு ஆணிகூட இடம் மாறவில்லை. நீ எப்படிப்பட்டவள் என்று தெரிந்த எனக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரிந்திருக்க வேண்டும். சில மத்தியானங்களில் நீ அலமாரியின் எதிரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். கை தானாக எழும். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாய். அந்தக் கையைப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அந்த ஆறு வருஷத்தின் நடுவில்தான் சேந்தமங்கலம் சாலையில் காடு தோட்டம் உள்ள பண்ணையார் ஒருவர் எல்லைத் தகராறு பற்றிப் பேச நம் வீட்டுக்கு வந்தார். நீ அப்போது கோயிலுக்குப் போயிருந்தாய். அம்மா உள்ளேயிருந்து அவருக்கு மோர் கொண்டுவந்து, தளும்பாமல் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அம்மாவுக்குக் கண் தெரியாது என்று நான் பேச்சோடு சொன்னதும் அவர் திகைத்துப் போனார். எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சாக்கை, பாயை, மேடையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சர்வேயர் மூளைன்னா சும்மாவா" என்றார்.

நான் சிரித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. என் மனைவி செய்தாள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை நான் விடவில்லை. அவர் தம் புது வீட்டுக்கு எப்படி அறை பிரிப்பது என்று நான்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

நீ கோயிலிலிருந்து வந்ததும் அந்தப் புது வீட்டைப் பற்றிச் சொன்னேன்; உன் முகம் மலர்ந்ததை இன்றும் பார்க்கிறேன். அவர் யாரைக் கேட்டார் என்று நீ விசாரிக்கவே இல்லை. எத்தனை பேர், எத்தனை மாடு, யார் யாரெல்லாம் சமைப்பார்கள் என்று கேட்டாய். பண்ணையார் வீட்டம்மாவுக்குப் பேச்சுத் துணை என்று சொல்லி உன்னை வண்டியில் கூட்டிப்போனேன். நீ கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டு, நீற்றிய சுண்ணாம்புப் பொடியை நிரப்பி எடுத்து வந்திருந்தாய். நான் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள, அந்த வெறும் மண்ணில் நீ அறை அறையாகக் கோடு விட்டுக்கொண்டே போனாய். தாளில் இருந்த வீடு முழு அளவில் தரையில் கிடந்தது. பிறகு அந்த வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, கோட்டுக்குள் வந்து ஒருநாள் வேலையைச் செய்து காட்டச் சொன்னாய். அவர்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். கொத்தனார், ஊடு கட்டறதுக்கு முன்னாலயே குடி வந்துட்டாங்க என்று தன் ஆட்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

வீட்டம்மாவும் மருமகளும் இடுப்பில் குடத்தோடு நடந்தார்கள். சமையல் கட்டிலிருந்து புழக்கடைக்குப் போகும் இடத்தில் இரண்டு குடமும் மோதின. ஒன்று உடைந்து தண்ணீர் கோட்டைக் கரைத்துக்கொண்டு ஓடியது. நீ கைகொட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டாய். இப்போது உடைந்தால் ஒரு குடம்தான், கட்டிய பிறகு என்றால் வாழ்நாள் முழுக்க இடிக்கும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கதவை இரண்டடி தள்ளிக் கோடு போட்டாய். கொத்தனார் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கோட்டைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

குடிபுகும் நாளில் ஊர் திரண்டிருந்தது. பண்ணையார் என்னை நடுவில் நிறுத்தி, இந்த வீட்டின் அமைப்பெல்லாம் இவருடையது என்று சொல்லி, ஜரிகைத் துண்டு போர்த்தி மாலை போட்டார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். பெண்கள் பக்கத்தில் நீ நின்றிருந்தாய். உன்னைப் பார்க்காமல் இருக்க அந்த வீட்டின் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் வண்டியில் நீ கோபமாகப் பேசுவாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ சமையல் கட்டில் புகை நின்று தங்காமல் நேரே மேலே போனதைப் பற்றிப் பேசினாய். மருமகப் பெண் குடத்தோடு ஒருதரம்கூட ஒதுங்கி நிற்கவில்லை, நீங்கள் கவனித்தீர்களா என்று கேட்டாய். துண்டு என் தோளில்தான் இருந்தது. நாமக்கல் வரும்வரை அதை எடுத்து மடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அம்மா போனாள். தூக்கத்திலேயே போய்விட்டாள், கஷ்டமில்லை. காரியங்கள் முடிந்த மறுநாளே நீ சாமான்களை நகர்த்தத் தொடங்குவாய் என்று நினைத்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம், எதுவும் நகரவில்லை. நானே ஒருநாள், இனி உன் இஷ்டம்போல மாற்றிக்கொள்ளேன் என்றேன். சரியென்று எழுந்து அம்மாவின் கட்டிலை ஒரு முழம் தள்ளினாய். தள்ளிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாய். ஏன் என்று கேட்டேன்.

"எதை எங்க வெச்சாலும் இனி ஆருக்கும் இடிக்காதுங்க. அதுதான் தாங்க முடியல."

நாம் இரண்டே பேர். அந்த வீட்டில் இடம் நிறைய இருந்தது. இப்போது நான் ஒருவன்தான். நீ சொன்னது இப்போது முழுதாகப் புரிகிறது.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அந்த வருஷம் தைக்குப் பிறகு ராசிபுரத்திலிருந்து ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பண்ணையாரின் உறவுக்காரர். அதேபோல் தமக்கும் ஒரு வீடு அமைத்துத் தர வேண்டும் என்றார். எனக்கு முதலில் தோன்றியது உன் முகம்தான். அடுத்து அந்தத் துண்டு. இரண்டாவது தடவை அது என் தோளில் விழுவதைத் தாங்க முடியாது. உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். எனக்கு வேலை அதிகம், ஒழியாது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் வெட்கத்தை மறைக்க உன் வேலையை மறித்துவிட்டேன். அன்று சாயங்காலம் நீ திண்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாய். என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். வெயில் என்றேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஆஞ்சநேயர் கோயிலில் பண்ணையார் வீட்டம்மா உன்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். எழுந்து வழிவிடவில்லை. நான் கீழேயே நின்றேன்.

"ராசிபுரத்துக்காரர் வந்தாராமுங்க."

ஆமாம் என்றேன்.

"பேரு உங்களுக்கே இருந்துட்டுப் போகட்டுமுங்க. நான் கேக்கவே இல்லீங்க. வேலைய ஏனுங்க வேண்டாம்னு சொன்னீங்க?"

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். நீ தலையை ஆட்டினாய்.

"ஆறு வருசம் கைய கட்டிட்டு இருந்தேன். அத்தைக்காவ இருந்தேன், அதுல எனக்கு வருத்தமில்லீங்க. இது ஆருக்காவ?"

அதன் பிறகு எழுந்து உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாய். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணையார் வீட்டுக்குப் போனேன். அவர் தொழுவத்தருகே மாட்டுக்குத் தீனி காட்டிக்கொண்டிருந்தார். நின்ற நிலையிலேயே சொன்னேன். உங்கள் வீட்டை அமைத்தவள் என் மனைவி, அம்மா நடமாடிய வீட்டை அமைத்தவளும் அவள்தான், நான் சங்கிலி பிடித்தேன், அவ்வளவுதான் என்றேன். அவர் கையிலிருந்த சோளத்தட்டையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா கோடு போடறப்ப நானும் மரத்தடியில நின்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க சொல்லல. பொம்பளைக்கு எப்புடித் துண்டு போத்தறதுன்னு நானும் உட்டுப்போட்டேன். தப்பு உங்க ஒருத்தர் மேல மட்டுமில்லீங்க."

அந்த வாரமே அவரும் வீட்டம்மாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். ராசிபுரத்து வீடு அதற்குள் பாதி எழும்பிவிட்டது. அது போனது போனதுதான். ஆனால் பண்ணையார் தம் ஊருக்குச் சிறியதாக ஒரு வைத்தியசாலை கட்டுவதாக இருந்தார். அதில் பிரசவ அறையை நீதான் அமைத்துத் தர வேண்டும் என்று உன்னைப் பார்த்துக் கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். நான் எழுந்து புழக்கடைக்குப் போய்விட்டேன். பதிலை நீயே சொல்ல வேண்டும் என்று இருந்தது. திரும்பி வந்தபோது நீ தாளை விரித்துப் புளியங்கொட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய்.

அந்த அறைக்கு நீ எடுத்துக்கொண்ட நாட்கள் வேறு எதற்கும் எடுத்துக்கொண்டதில்லை. மருத்துவச்சி எங்கே நிற்பாள், வெந்நீர் எந்தக் கைப்பக்கம், விளக்கு எங்கே என்று நாமக்கல் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் போய்ப் போய்க் கேட்டுவிட்டு வந்தாய். எல்லாவற்றுக்கும் அவர் சொன்னபடி இடம் விட்டாய். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாய். குழந்தையைத் துடைத்துப் படுக்கவைக்கும் மேடையைக் கதவுக்கு வெளியே நடையில் வைத்தால் போதும் என்று கொத்தனார் சொன்னார். உள்ளே வைத்தால் அறை குறுகும் என்றார். நீ ஒத்துக்கொள்ளவில்லை. படுத்திருப்பவளின் தலைமாட்டில் இருந்து பார்த்தால் தெரிகிற சுவரில்தான் மேடை என்றாய். சுண்ணாம்புக் கோட்டுக்குள் நீயே மண் தரையில் படுத்துத் தலையைத் திருப்பிப் பார்த்துக் காட்டினாய். கொத்தனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சரியென்றார்.

வரும்போது வண்டியில் கேட்டேன், ஏன் அதில் அவ்வளவு பிடிவாதம் என்று.

"நம்ம கொழந்தைக ரெண்டையும் வாங்கி வெக்க எடமில்லாம அந்த மருத்துவச்சியம்மா வெளிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. திரும்பி வரப்ப வெறுங்கையா வந்தாங்க. நான் மொகமே பாக்கலீங்க."

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு நீ அதைச் சொன்னாய். மாடுகள் தம்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டிக்காரர் முன்னால் இருந்தார். அப்படிப் பட்டப்பகலில் கையைப் பிடித்தது நம் வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். நீ விலக்கவில்லை.

அதன் பிறகு நான்கு வருஷம். அந்த நான்கு வருஷத்தை நினைத்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது. ஐந்து வீடுகளுக்குக் கோடு போட்டாய். யுத்த காலம், இரும்பும் சிமிட்டியும் கிடைக்காது. அதனால் என்ன, இருக்கிற மண்ணையும் ஓட்டையும் வைத்து நல்ல இடமாக்கலாம் என்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு நான் சங்கிலி பிடிக்க வருவேன். வாசலில் வந்து நிற்கும் ஆட்கள், "அம்மா இருக்கறாங்களா" என்று கேட்பார்கள். நான் உள்ளே போய் உன்னிடம் சொல்வேன். ஒரு வீட்டில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த பெண்ணுக்குத் தெருப்பக்கம் ஜன்னல் வைக்கவே கூடாது என்று அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். நீ அவர்களோடு வாதாடவில்லை. காற்று, வெளிச்சம் என்று என்னென்னவோ காரணம் சொல்லி அந்தப் பெண் உட்கார்ந்து தைக்கும் இடத்தில் ஜன்னல் வரும்படி அறையையே திருப்பிப் போட்டாய். அடுத்த மாதம் அந்த வழியாகப் போனபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள் உன்னைப் பார்த்து எழுந்து நின்றாள். நீ வண்டியிலிருந்து கையை மட்டும் காட்டினாய். வழிநெடுக அன்று பாடிக்கொண்டே வந்தாய்.

பிறகு அந்த விஷ ஜுரம். நாமக்கல்லில் வைத்துப் பார்க்க முடியாது என்றானதும் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். பெண்கள் வார்டில் ஆண்களைச் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் விடுவார்கள். உன் கட்டில் வாசலுக்கு நேரே. நான் நுழைந்ததும் உன் முகம் தெரியும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நான் நேரே உன் கட்டிலுக்குப் போனேன். அதில் வேறு ஒரு சின்னப் பெண் படுத்திருந்தாள். அவள்தான் கையைக் காட்டினாள். பெரிய தூணுக்குப் பின்னால், வாசல் தெரியாத கட்டிலில் நீ இருந்தாய்.

வாழப்பாடிப் பக்கத்துப் பெண்ணாம் அவள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து பன்னிரண்டு நாளாகிறது. யாரும் வந்து பார்க்கவில்லை. தூணுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நீ நர்ஸிடம் கெஞ்சிக் கட்டிலை மாற்றிக்கொண்டிருக்கிறாய். அந்த ஜுரத்திலும் உனக்கு இடம் மாற்றும் புத்தி போகவில்லையா என்று நான் கோபித்துக்கொண்டேன். நீ கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாய்.

"நீங்க எப்படியும் வந்துருவீங்க. எனக்கு வாசலப் பாத்துட்டு இருக்கோணும்னு இல்லீங்க. அந்தப் புள்ளைக்கு அப்படியில்லீங்க."

இரண்டு நாள் கழித்து நீ போய்விட்டாய். மத்தியானம். நான் சாயங்காலம்தான் வந்தேன். உள்ளே நுழைந்தபோது அந்தப் பெண்ணின் கட்டிலில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் நின்ற விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தூணைச் சுற்றிப் போக எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

உன்னைப்போல் ஒரு வீட்டைப் பார்க்க எனக்கு இன்னும் தெரியாது. இனியும் வராது. ஒன்று மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அலுவலகமோ, விசேஷ வீடோ, ரயிலோ, எங்கே போய் உட்கார்ந்தாலும், உட்காரும் முன் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். நான் இங்கே உட்கார்ந்தால் யாருக்கு வாசல் மறைகிறது என்று பார்த்துவிட்டு, தள்ளி உட்காருகிறேன்.